அடுக்களை வரலாறு – 7: பாடம் முன்னே, வீடு பின்னே

சென்ற வாரம் லண்டனில் நின்றிருந்தோம். இசபெல்லா பீட்டன் 1859 முதல் மாதப் பகுதிகளாக வெளியிட்ட இல்ல நிர்வாகப் புத்தகம் 1861-ல் ஒரே நூலாக வந்தது. முதல் ஆண்டிலேயே 60,000 படிகள் விற்றது. அது சமையலோடு நிற்கவில்லை. வேலைக்காரியை அமர்த்துவது, விருந்தினரை உபசரிப்பது, காய்ச்சலில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது, வரவு செலவு எழுதுவது என்று நடுத்தரக் குடும்பப் பெண்ணின் ஒரு முழு நாளையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்த வழியில் 1888-ல் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும், இந்தியாவில் குடித்தனம் நடத்தும் ஆங்கிலேயப் பெண்களுக்கென ஒரு நூல் எழுதினார்கள். வீட்டை ஆள்வதும் இந்தியப் பேரரசை ஆள்வதும் ஒரே கலைதான் என்பது அவர்கள் துணிபு.

இந்த வாரம் அதே பாடம் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நுழைகிறது, இம்முறை ஆங்கிலேயப் பெண்களுக்காக அல்ல, உள்ளூர்ப் பெண்களுக்காக.

நுழைந்த இடத்தில் ஒரு சிக்கல் காத்திருந்தது. எந்த வீட்டுக்காக அந்தப் பாடம் எழுதப்பட்டதோ, அந்த வீடு அங்கே இல்லை.

* * *

பீட்டனின் சமையல் குறிப்பு ஒன்றை எடுத்து, பண்டம் எதுவானாலும் சரி, அதன் அமைப்பை மட்டும் பார்ப்போம். முதலில் தேவையான பொருள்கள், அளவோடு. அடுத்து செய்முறை. அடுத்து எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்க வேண்டும் என்பது. அடுத்து ஆகும் செலவு, ஷில்லிங் பென்ஸ் கணக்கில். அடுத்து எத்தனை பேருக்குப் போதும் என்ற எண். கடைசியில், எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்ற தகவல். இன்றைக்கு எந்த வார இதழின் சமையல் பக்கத்தைப் புரட்டினாலும் ஏறக்குறைய இதே அமைப்பு இருப்பதால் நம் கண்ணில் அது உறுத்துவதில்லை. ஆனால் இதில் இரண்டு வரிகள், செலவும் தலைக்கணக்கும், ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பத்தை முன்பே மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. கணவனின் வருமானம் தவறாமல் வருகிறது. அதைச் செலவிடும் பொறுப்பு ஒரே ஒரு பெண்ணிடம் இருக்கிறது. பண்டங்கள் கடையில் காசுக்கு வாங்கப்படுகின்றன. சாப்பிட உட்காருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த நான்கும் பொருந்தினால்தான் ‘ஆறு பேருக்குப் போதும்’ என்பது பொருளுள்ள வாக்கியம்.

இனி, அதே 1860-களில் வசதியுள்ள ஒரு நாயர் தறவாட்டின், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின், அடுக்களைக்கு வருவோம். நெல் கடையிலிருந்து வருவதில்லை. பாட்டம் (குத்தகை) அளக்கும் குடியானவரிடமிருந்து பறைக்கணக்கில் வந்து அறைக்குள் போகிறது. பறைக்குப் பத்து இடங்கழி, இடங்கழிக்கு நான்கு நாழி. சொத்துக்கு மேலாள் காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த ஆண். உள்ளே அன்றாடம் அரிசி அளந்து எடுத்துக் கொடுப்பவர் மூத்த பெண்மணி. இலை போட்டால் உட்காருபவர்கள் யார்? பாட்டி, பாட்டியின் தங்கைகள், அம்மா, சித்திகள், பெரியம்மாக்கள், இவர்கள் எல்லோருடைய பிள்ளைகள், மாமன்மார். எல்லோரும் ஒரே தாய்வழி. நாள் கிழமை வந்தால் தொகை ஏறும், கிளைவீடு பிரிந்து போனால் இறங்கும். இந்தப் பந்தியில் பல வீடுகளில் இல்லாதவர் ஒருவர் உண்டு: பிள்ளைகளின் தகப்பனார். அவர் தம் தாய்வீட்டின் ஆள். அங்கே அவர் சகோதரிகளின் பிள்ளைகளுக்கு மாமன். மனைவியின் வீட்டுக்கு அவர் வருகிறவர், போகிறவர்.

அப்படியானால் இந்த அடுக்களையில் பெண்ணுக்கு ஆளுகை இல்லையா? இருந்தது. ஆனால் அது மனைவி என்ற முறையில் வந்ததல்ல. மகள், அக்காள், தாய் என்ற முறையில் வந்தது. அந்த வீட்டில் சோற்றுக்கும் கூரைக்கும் அவளுக்கு இருந்த உரிமை பிறப்போடு வந்தது. சம்பந்தம் என்ற மணவுறவு முறிந்தாலும் போகாதது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இந்த அத்தியாயம் முழுவதும் விளங்கிவிடும். பீட்டனின் இல்லத்தரசிக்குத் திருமணம்தான் அடுக்களைச் சாவியைத் தந்தது. தறவாட்டுப் பெண்ணின் கைச்சாவிக்கும் அவள் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் பெயர்பெற்ற பெருஞ்சமையல் எல்லாம் ஆண்கள் கையில் இருந்தது. பத்மநாபசுவாமி கோயில் மடப்பள்ளியும் பிராமணர்களுக்கு அரசு சோறிட்ட ஊட்டுப்புரைகளும் ஆண் சமையற்காரர்களால் நடந்தவை. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் பரிமாறிய உணவும் அவர்கள் ஆக்கியதே. வீட்டில் பெண்கள் சமைத்தார்கள், உண்மைதான். ஆனால் சமையல் என்பது பெண்ணுக்கென ஒதுக்கிய அறிவு, அதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வதே அவளுக்குப் பெருமை என்ற எண்ணம் இந்த ஊரில் தானாக முளைத்ததல்ல. நட்டு வளர்த்தது.

* * *

நட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அகஸ்டா பிளாண்ட்ஃபோர்டு. 1860-களில் திருவனந்தபுரத்துக்கு வந்த ஆங்கிலேய மிஷனரிப் பெண். திவான் மாதவராவின் ஆதரவோடு கோட்டைக்குள்ளேயே பிராமண, நாயர் சிறுமிகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். எழுத்து, கணக்கு, ஆங்கிலம், பைபிள், தையல், பூவேலை. பல பத்தாண்டுகள் அந்த ஊரிலேயே வாழ்ந்து, சங்கு முத்திரை கொண்ட அந்நாட்டைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அவருடைய உழைப்பையும் அந்தப் பெண்களிடம் அவர் வைத்திருந்த பாசத்தையும் ஐயப்பட இடமில்லை.

ஆனால் அந்தப் பணிக்கு இடப்பட்ட பெயரைக் கவனியுங்கள்: ஜெனானா மிஷன். ஜெனானா என்பது வட இந்தியாவில் உயர்குடிப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்த அந்தப்புரம். கல்கத்தாவில் அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. திருவனந்தபுரத்தில் மறைக்குடையின் பின்னால் நடந்த, அந்தர்ஜனம் எனப்பட்ட நம்பூதிரி வீட்டுப் பெண்ணுக்கு வேண்டுமானால் அது ஒருவாறு பொருந்தலாம். குளத்துக்கும் கோயிலுக்கும் தானே நடந்துபோய் வந்த நாயர் பெண்ணுக்கு எந்தத் திரை? ‘அடைபட்டுக் கிடக்கும் கீழ்த்திசைப் பெண்’ என்ற வார்ப்பு முன்பே தயாராக இருந்தது. திருவனந்தபுரத்துப் பெண்ணை அதற்குள் அமர்த்தினார்கள். நோயைப் பார்க்கும் முன்பே மருந்தை முடிவு செய்ததற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

தையல் ஊசியையே எடுத்துக்கொள்ளலாம். இதே திருவிதாங்கூரின் தென்கோடியில், நாகர்கோவிலில், 1820-களிலேயே மார்த்தா மால்ட் ஏழைச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார். அடிமைகளாகப் பிறந்த சில பெண்கள் அந்த லேஸை விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். ஊசி அதற்கு முன்பே சிலரை விடுவித்திருந்தது. கோட்டைக்குள் நுழைந்த ஊசி அந்த வேலைக்கு வரவில்லை. அது சம்பாதிக்க அல்ல, பக்குவப்படுவதற்கு. ஓய்வு நேரத்தை ஒழுக்கமாகக் கழிக்க, நாளைக்கு ஒரு படித்த கணவனுக்கு ஏற்ற துணையாக இருக்க. ஒரே கருவி, நாகர்கோவிலில் கூலியைத் தந்தது, திருவனந்தபுரத்தில் நடத்தையைத் தந்தது.

* * *

விக்டோரியா காலத்து இல்லப் பாடங்களின் உயிர்நாடி சிக்கனம். எழுது, கணக்குப் பார், மிச்சம் பிடி. இந்தச் சிக்கனம் திருவனந்தபுரத்தில் எங்கே போய் முட்டியது என்று ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் மாதம் 20 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு நாயர் குமாஸ்தா. வாடகை வீடு எடுத்து மனைவி மக்களோடு குடியிருக்கிறார். ஆங்கிலம் படித்துச் சர்க்கார் வேலைக்கு வந்தவர்களிடையே இந்தப் புதுக் குடித்தனம் தலையெடுத்த காலம் அது. மனைவி பாடப்படியே நடக்கிறாள். மண்ணெண்ணெயில், எண்ணெயில், விறகில் பார்த்துப் பார்த்து மாதம் ஒரு ரூபாய், அதாவது ஏழு பணம், மிச்சப்படுத்துகிறாள். இருபது ஆண்டில் 240 ரூபாய். கணவன் எதுவும் எழுதி வைக்காமல் கண்ணை மூடுகிறார். அந்த 240 ரூபாய் யாருக்கு?

அவளுக்கல்ல. அவள் பிள்ளைகளுக்குமல்ல. மருமக்கள் வழி மரபில் ஆண் தானே ஈட்டியதும் அவன் இறந்தால் அவனுடைய தறவாட்டுக்கு, அவன் சகோதரிகளின் பிள்ளைகளுக்குப் போகும். அவள் கைச்சிக்கனம் இன்னொரு வீட்டு நெல்லறையை நிரப்பும்.

இங்கேதான் இல்லப் பாடத்துக்கும் இல்லச் சட்டத்துக்கும் இடையிலுள்ள விரிசல் வெட்டவெளிச்சமாகிறது. சிக்கனம் ஒரு நற்குணம் என்று சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் மிச்சம் பிடித்தது மிச்சம் பிடித்தவளின் வீட்டிலேயே தங்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில் சிக்கனம் வெறும் உழைப்பு. ஆகவே அந்தப் பாடத்தை மனதார ஏற்ற குடும்பத்துக்கு இரண்டு வழிகள்தான் மிஞ்சின. பாடத்தைக் கைவிட வேண்டும், அல்லது சட்டத்தை மாற்ற வேண்டும். என் வாதம் இதுதான்: இல்ல நிர்வாக அறிவுரை ஏற்கெனவே இருந்த ஒரு வீட்டை ஒழுங்குபடுத்த வரவில்லை, இல்லாத ஒரு வீட்டை வேண்டும் என்று கேட்க வைத்தது. பாடம் முன்னே வந்தது. வீடு பின்னே வந்தது.

* * *

திருப்புமுனை ஒரு சமையலறையில் நிகழவில்லை. அரண்மனையில் நிகழ்ந்தது.

திருவிதாங்கூர் அரச வம்சமும் தாய்வழிதான். அரசனின் மகன் அரசனாவதில்லை, மருமகன், அதாவது சகோதரியின் மகன், ஆவான். ஆகவே வம்சத்தைத் தாங்குபவர் அரசனின் மனைவி அல்ல, ஆற்றிங்கல் ராணி எனப்பட்ட அரசகுலப் பெண். வம்சம் தழைக்க வேண்டி 1857-ல் மாவேலிக்கரையிலிருந்து தத்தெடுக்கப்பட்ட சிறுமிகளில் ஒருவர் லட்சுமிபாய். 1859-ல், 11 வயதில், அவரைவிட மூன்று வயது மூத்த கேரளவர்மாவுக்கு மணமுடித்தார்கள். கேரளவர்மா வலிய கோயித்தம்புரான், ராணியின் துணைவர். பதவி அவ்வளவே. அதிகாரம் ராணியின் பக்கம், ராணிகளுக்கென்றே இருந்த ஸ்ரீபாதம் சொத்தும் ராணியின் பக்கம். ஆனால் கோயித்தம்புரான் பெரும் கவிஞர், சமஸ்கிருத வித்வான். திருவிதாங்கூர் பாடநூல் குழுவின் தலைவராகவும் இருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான மலையாள உரைநடையையே ஏறக்குறைய உருவாக்கியவர்.

1875. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் கோபத்துக்கு ஆளாகிக் கோயித்தம்புரான் கைது செய்யப்பட்டார். சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. முதலில் ஆலப்புழையில் காவல், பிறகு ஹரிப்பாட்டில் தாய்க் குடும்பத்தோடு வீட்டுக்காவல். ராணிக்கு அப்போது வயது 27. குழந்தை இல்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தாய்வழி மரபுப்படி ராணி அந்தத் துணைவரை விட்டு விலகி வேறொருவரை ஏற்பதற்குத் தடை ஏதுமில்லை. வம்சம் தழைக்க வேண்டும் என்பதே அவர் தத்தெடுக்கப்பட்டதன் நோக்கம் என்னும்போது, அரண்மனைக் கண்ணோட்டத்தில் அதுவே முறையும்கூட. லட்சுமிபாய் மறுத்தார். ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார். 1880-ல் ஆயில்யம் திருநாள் காலமாகி விசாகம் திருநாள் பட்டத்துக்கு வந்ததும் கோயித்தம்புரான் விடுதலையானார். மறு ஆண்டு, 1881-ல், விக்டோரியா மகாராணி நிறுவிய இந்திய மகுட விருது லட்சுமிபாய்க்கு வந்து சேர்ந்தது.

லட்சுமிபாயின் உறுதியை எந்த அளவில் புகழ்ந்தாலும் தகும். அது அவர் தானே எடுத்த முடிவு. கேள்வி, அந்த முடிவை ஊரும் பேரரசும் எந்தச் சொல்லால் புகழ்ந்தன என்பது. பிளாண்ட்ஃபோர்டு அரண்மனைக்குப் போய் வந்து பழகியவர். ஆங்கிலம் கற்ற, கணவனைக் காத்திருந்து மீட்ட ராணி, மிஷனரிகளின் எழுத்தில் முன்மாதிரி மனைவியானார். கேரளவர்மா 1894-ல் அந்தப் பிரிவைப் பாடிய ‘மயூரசந்தேசம்’ படித்தவர்களின் வீடுதோறும் போயிற்று. வம்சத்தின் தலைமகள், சொத்துடையவர், துணைவரைவிட உயர்ந்த பதவியினர் என்ற ஒரு முழு உண்மை அந்தப் புகழ்ச்சியில் பின்னுக்குப் போனது. ‘பதிவிரதை’ என்ற ஒன்று முன்னால் நின்றது. தாய்வழி நாட்டின் முதல் பெண்மணியே மனைவி என்ற பெயரால் அடையாளம் காணப்பட்டபின், குமாஸ்தாவின் மனைவிக்கு வேறு எந்த அடையாளம் உயர்வாகத் தோன்றும்?

* * *

ஐந்தாண்டுகளில் அச்சும் வந்தது. 1886-ல் திருவனந்தபுரத்திலிருந்து ‘கேரளீய சுகுணபோதினி’ வெளிவந்தது. மலையாளத்தில் பெண்களுக்கென வந்த முதல் இதழ் இதுவே. தொடங்கியவர்கள் எம்.சி. நாராயண பிள்ளை, கே. சிதம்பர வாத்தியார் முதலியோர். கேரளவர்மாவும் எழுதி உதவினார். சில மாதங்களில் நின்றது. 1892-ல் மறுபடி எழுந்தது. எழுந்தபோது தன் எல்லையைத் தெளிவாக வரைந்துகொண்டது. அரசியல் கிடையாது. சமையல் உண்டு, உடலியல் உண்டு, உத்தமப் பெண்களின் வரலாறு உண்டு, இசை உண்டு, பெண்களின் கடமைகள் உண்டு.

அந்தப் பட்டியலில் சமையல் எந்தத் துணையோடு வருகிறது என்பதே இங்கே செய்தி. தாயிடம் பார்த்துப் பழகும் கைவேலையாக இருந்தது, உடலியலின் பக்கத்தில் உட்கார்ந்து சாஸ்திரமாயிற்று. உத்தமிகளின் வரலாற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒழுக்கமாயிற்று. அரசியலுக்கு எதிரே உட்கார்ந்து எல்லைக்கோடாயிற்று. அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1891-ல்தான் சர்க்கார் உத்தியோகத்தில் திருவிதாங்கூருக்கு வெளியிலிருந்து வந்த பிராமணர்களுக்கே முதலிடம் என்று முறையிட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் போயிருந்தது. ஊரே சம்பளத்தைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பெண்களுக்கான இதழ் அதைத் தவிர மற்றவற்றைப் பேசுவதென்று முடிவு செய்தது. சம்பளம் ஆணுக்கு; அந்தச் சம்பளத்தை வைத்துக் குடித்தனம் நடத்தும் கலை பெண்ணுக்கு. அதுவரை அந்த ஊரில் கோடு இப்படி விழுந்ததில்லை.

திருவிதாங்கூர் முழுவதும் 1901 கணக்கெடுப்பில்கூடப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். இவ்வளவு சிறிய கூட்டம் படித்த இதழுக்கு இத்தனை கனம் கொடுக்கலாமா என்று கேட்கலாம். கொடுக்கலாம். அந்த மூன்று பேரின் வீடுகளிலிருந்துதான் வக்கீல்களும் தாசில்தார்களும் பின்னாளில் சட்டசபை உறுப்பினர்களும் வந்தார்கள்.

எல்லா அடுக்களை அறிவுரையும் இந்த வழியாக வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். மரவள்ளிக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் என்று நினைவுகூரப்படும் விசாகம் திருநாள், கிழங்கை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்று குடிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு செய்தி இன்றும் வழங்குகிறது. கிழங்கில் இயற்கையாகவே நஞ்சு உண்டு, வடித்தால் குறையும். ஏழையின் பசியையும் உயிரையும் நேரடியாகத் தொட்ட பாடம் அது. அதைப் பின்பற்ற யாரும் யாருடைய மனைவியாகவும் இருக்க வேண்டியதில்லை.

* * *

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, வலுவானவை. முதலாவது: கோட்டைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் தாய்வழியினர் அல்லர், அக்கிரகாரத் தமிழ்ப் பிராமணர்கள் தந்தைவழியினர்தானே, அவர்களுக்கு இந்தப் பாடம் பொருந்தியிருக்குமே என்பது. பாதி பொருந்தியது. அங்கே மனைவி கணவன் வீட்டில் வாழ்ந்தாள், சிக்கனத்தின் பலன் அந்த வீட்டிலேயே தங்கியது. ஆனால் பீட்டனின் இல்லத்தரசி தன் வீட்டுக்குத் தானே தலைவி. அக்கிரகாரத்தில் சாவி மாமியாரின் இடுப்பில். எந்தப் பெண் பள்ளியில் கற்றாளோ, பத்துப் பன்னிரண்டு வயதில் படிப்பு நின்று புகுந்தவீடு போகிறவள் அவளே. அவள் கற்ற கணக்கும் திட்டமும் கைக்கு வர இருபது ஆண்டுகள் ஆகும். ஆக, அங்கேயும் அந்தப் பாடம் கேட்ட வீடு இன்னும் உருவாகவில்லை. கூட்டுக்குடும்பம் கலைந்து தனிக்குடித்தனம் வந்தபோதுதான் அது உயிர் பெற்றது.

இரண்டாவது மறுப்பு: தெற்குத் திருவிதாங்கூரில் நாயர் மனைவி கணவன் வீட்டுக்கு வந்து வாழ்வதும் உண்டே, ‘அப்பா இல்லாத பந்தி’ என்பது மலபாரின் சித்திரம் இல்லையா? அப்படி வாழ்ந்தது உண்மை. ஆனால் வாழ்ந்த இடம் வேறு, உரிமையுள்ள இடம் வேறு. கணவன் வீட்டில் அவள் இருப்பு கணவன் இருக்கும்வரை. சொல்லப்போனால் இந்த வழக்கம் என் வாதத்தைக் கூர்மையாக்கவே செய்கிறது. மனைவியாக உழைக்கும் வீடு ஒன்று, மகளாக உரிமையுள்ள வீடு இன்னொன்று என்று அவள் வாழ்வு இரண்டாகப் பிரிந்திருந்தபோது, இல்லப் பாடம் முதல் வீட்டைப் பற்றி மட்டுமே பேசியது. இரண்டாவது வீட்டைப் பற்றி அதற்கு ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தறவாடு ஒன்றும் பெண்ணின் சொர்க்கமல்ல. காரணவரின் கொடுமை, பிள்ளைகளின் ஆதரவின்மை இவற்றிலிருந்து வெளியேறத்தானே பெண்களே விரும்பினார்கள்? இதற்குச் சான்று தமிழிலேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களும் மருமக்கள் வழியினர். அங்கே மனைவி கணவன் வீட்டில்தான் வாழ்ந்தாள்; கணவன் இறந்தால் சொத்து மருமகனுக்கு. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ பாடியபோது அந்தக் கதையை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாயில் வைத்தார். அவள் துயரத்தைப் படித்துவிட்டு அந்த முறையைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வராது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது நல்லதே.

ஆனால் அவள் கேட்டது என்ன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உழைத்த வீட்டில் உரிமை வேண்டும் என்பது அவள் குறை. இல்லப் பாடம் சொன்னது வேறு: உழைக்கும் வீடு ஒன்றே உன் வீடு, அங்கே உன் உரிமை உன் நடத்தையிலும் உன் கணவனின் அன்பிலும் இருக்கிறது. முன்னது நியாயம் கேட்கிறது. பின்னது பெண்ணின் பிறந்தவீட்டு உரிமையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சீர்திருத்தம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே மூட்டையாகக் கொடுத்தது. பெண்கள் கையில் வாங்கியது அந்த மூட்டையைத்தான்; அதைப் பிரித்துப் பார்த்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. இதைச் சொல்வதால் பழையதைப் போற்றுகிறேன் என்று பொருளல்ல. புதியதற்குக் கொடுத்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும் என்கிறேன். வரவு செலவு இரண்டையும் எழுதச் சொன்னதும் அந்தப் பாடம்தானே.

* * *

பாடம் கேட்ட வீட்டைச் சட்டம் இரண்டு தவணையில் கட்டிக்கொடுத்தது.

1912-ல் முதல் நாயர் சட்டம். சம்பந்தம் சட்டப்படியான திருமணமாயிற்று. ஆண் தானே ஈட்டியதில் பாதி மனைவி மக்களுக்கு, பாதி மருமக்களுக்கு. நம் கற்பனைக் குமாஸ்தாவின் மனைவி மிச்சம் பிடித்த 240 ரூபாயில் 120 அவள் வீட்டில் தங்கியது. 1925-ல் இரண்டாம் சட்டம். ஈட்டியது முழுவதும் மனைவி மக்களுக்கு. அதோடு, தறவாட்டுச் சொத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். நெல்லறைகள் பங்கு போடப்பட்டன. பெரிய உருளிகளும் வார்ப்புகளும் கிளைவீடுகளுக்குப் பிரிந்தன. ‘ஆறு பேருக்குப் போதும்’ என்ற கணக்குக்கு ஏற்ற பந்தி, அந்தக் கணக்கு கோட்டை வாசலுக்கு வந்து ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து, தயாரானது.

அந்த 1925 சட்டம் யார் ஆட்சியில் நிறைவேறியது என்பதில்தான் அடுத்த பகுதியின் முடிச்சு இருக்கிறது. லட்சுமிபாய்க்குக் கடைசிவரை குழந்தை இல்லை. 1900-ல், இறப்பதற்கு ஓராண்டு முன், அதே மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார். மூத்தவள் பெயர் சேது லட்சுமிபாய். அப்போது ஐந்து வயது. 1924-ல் மூலம் திருநாள் மகாராஜா மறைந்தபோது பட்டத்துக்கு உரியவர் சிறுவராக இருந்ததால், ஆட்சிப் பொறுப்பு மூத்த ராணியான அவரிடம் வந்தது. கணவன் வழியாக வந்ததல்ல அந்த அதிகாரம். தாய்வழியின் தலைமகள் என்பதால் வந்தது. அரண்மனை தன் மருமக்கள் வழியை விட்டுவிடவில்லை. அந்த வழியால் ஆட்சிக்கு வந்தவரின் ஒப்புதலோடுதான் நாயர் வீடுகளில் அந்த வழி முடிவுக்கு வந்தது.

சட்டசபையில் வாதாடியவர்கள் ஆண்கள், எழுதியவர்கள் ஆண்கள். அந்த வீடுகளில் அரிசி அளந்து கொடுத்த மூத்த பெண்மணிகள், பிறந்தவீட்டுச் சாவியைத் தாங்களாகவே இறக்கி வைத்தார்களா, அல்லது அது அவர்கள் இடுப்பிலிருந்து கழற்றப்பட்டதா?